வேண்டாத இடத்தில் வளரும் எலும்பு: இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பின் ஒரு மாத்திரையின் பணி

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நோயாளிகளுள் சிலருடைய மருந்துச் சீட்டில், அழற்சி எதிர்ப்பு மாத்திரை ஒன்று இடம்பெற்றிருக்கும். நாளுக்கு எத்தனை வேளை, எத்தனை நாள் என்று அதன் அருகே நாங்கள் எழுதியிருப்போம். மருந்துக் கடையில் அதனை ‘வலி மாத்திரை’ என்று சொல்லிக் கொடுப்பார்கள். வீட்டிலும் அந்தப் பெயரே நிலைத்துவிடுகிறது. ஐந்தாறு நாள்களில் வலி தணிந்ததும், “வலிதான் இல்லையே, பிறகு எதற்கு வயிற்றைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டும்?” என்று பலர் தாமாகவே நிறுத்திவிடுகின்றனர். வேறு சிலரோ, இதம் தருகிறதே என்று அதே சீட்டைக் காட்டித் திரும்பத் திரும்ப வாங்கி மாதக்கணக்கில் உண்கின்றனர்.

இவ்விரண்டும் தவிர்க்க வேண்டியவை. அந்த மாத்திரை வலிக்காக மட்டும் எழுதப்பட்டதன்று. புதிய மூட்டைச் சுற்றியுள்ள தசைகளில், எலும்பு இருக்கக் கூடாத இடத்தில், புதிதாக எலும்பு உருவாவதைத் தடுப்பதற்காக எழுதப்பட்டது. அந்த வளர்ச்சி எத்தகையது, யாருக்கு வரக்கூடும், மாத்திரை அதனை எவ்வாறு தடுக்கிறது, அதே மாத்திரை யாருக்குத் தீங்காகும் என்பவற்றை நோயாளிகளும் அவர்களைப் பேணும் குடும்பத்தினரும் அறிந்திருக்க வேண்டும் என்று கருதி இக்கட்டுரையை எழுதுகிறோம்.

தசைக்குள் எலும்பு

இடுப்பு மூட்டு ஒரு பந்துக்கிண்ண மூட்டு. தொடை எலும்பின் உச்சியில் உள்ள பந்து, இடுப்பெலும்பில் உள்ள கிண்ணக் குழிக்குள் சுழல்கிறது. சிதைந்துபோன பந்தை அகற்றி, தொடை எலும்பின் உட்குழலில் உலோகத் தண்டைப் பொருத்தி, அதன்மேல் உலோகத்தாலோ பீங்கானாலோ ஆன பந்தை வைத்து, குழியைச் சீவிச் சீர்செய்து அதில் புதிய கிண்ணத்தைப் பதிப்பதே மாற்று அறுவை சிகிச்சை. 1962ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி இதன் இன்றைய வடிவத்துக்கு அடித்தளமிட்டார். நடக்க இயலாதவர்களை நடக்க வைத்த சிகிச்சைகளுள் இதற்கு இணையானவை மிகச் சிலவே.

இப்பணிக்காகத் தசைகளை விலக்கித்தான் மூட்டை அடைய வேண்டும். எலும்பை அறுக்கும்போதும் சீவும்போதும் எலும்புத் துகளும் மஜ்ஜையும் சுற்றியுள்ள தசைகளில் படிகின்றன. இரத்தம் கசிகிறது, அழற்சி தோன்றுகிறது. அழற்சி என்பது தீமையன்று. காயம் ஆறுவதற்கான முதற்படி அதுவே. ஆயினும் சிலருடைய உடலில் இந்தப் பழுதுபார்க்கும் பணி திசைமாறிவிடுகிறது. தசைகளுக்கிடையே, இன்ன வேலைக்கு என்று இன்னும் ஒதுக்கப்படாத மூல உயிரணுக்கள் உள்ளன. காயம்பட்ட இடத்தில் சுரக்கும் வேதிப் பொருள்களின் தூண்டுதலால் அவை எலும்பு கட்டும் உயிரணுக்களாக மாறி, தசைக்குள்ளேயே எலும்பு கட்டத் தொடங்குகின்றன. எலும்புக்குள் இருக்கும் புரதங்களே அத்தகைய தூண்டுதலைத் தரவல்லவை என்பதற்கு அமெரிக்க எலும்பியல் மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட் 1965இல் வழிகாட்டினார். சுண்ணாம்புச் சத்து நீக்கப்பட்ட எலும்புத் துண்டை விலங்குகளின் தசைக்குள் வைத்தபோது, அத்தசைக்குள்ளேயே புது எலும்பு உருவாயிற்று.

மருத்துவர்கள் இந்நிலையை ‘ஹெட்டரோடோபிக் ஆசிஃபிகேஷன்’ என்பர். இக்கட்டுரையில் ‘இடம்மாறிய எலும்பு வளர்ச்சி’ என்று குறிப்பிடுகிறோம். இது சுண்ணாம்புப் படிவு அன்று, புற்றுநோயும் அன்று. உடலின் பிற எலும்புகளைப் போலவே அமைப்புக் கொண்ட உண்மையான எலும்பு. மூட்டு மாற்று சிகிச்சைக்கு மட்டும் உரியதும் அன்று. முதல் உலகப் போரில் தண்டுவடம் காயமுற்றுக் கால்கள் செயலிழந்த வீரர்களிடம் இதே வளர்ச்சியைப் பிரான்சு நாட்டு மருத்துவர்கள் 1918இல் விவரித்துள்ளனர். தலைக்காயம், தீக்காயம், முழங்கைக் காயம் ஆகியவற்றின் பின்னும் இது தோன்றுவதுண்டு.

எந்த அளவில் தோன்றுகிறது?

இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டவர்களுக்குச் சில மாதங்கள் கழித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், கணிசமானோரிடம் இவ்வளர்ச்சி ஏதேனும் ஓர் அளவில் தென்படும். அவர்களுள் பெரும்பாலோருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நடையில் குறையில்லை, வலியில்லை, சிகிச்சையும் தேவையில்லை. சிறு பகுதியினருக்கு மட்டுமே அது மூட்டின் அசைவைத் தடுக்கும் அளவுக்குப் பெருகுகிறது.

இதனை அளவிட, அமெரிக்க மருத்துவர் புரூக்கரும் அவர்தம் குழுவினரும் 1973இல் வெளியிட்ட நான்கு படிநிலைகளை உலகெங்கும் பயன்படுத்துகின்றனர்.

முதல் படிநிலை: மூட்டைச் சுற்றித் தீவுகள் போலச் சிறு எலும்புத் துணுக்குகள்.

இரண்டாம் படிநிலை: இடுப்பெலும்பிலிருந்தோ தொடை எலும்பிலிருந்தோ நீளும் முளைகள், எதிரெதிர் எலும்புப் பரப்புகளுக்கிடையே 1 சென்டிமீட்டரேனும் இடைவெளி இருக்கும்.

மூன்றாம் படிநிலை: அந்த இடைவெளி 1 சென்டிமீட்டருக்கும் குறைந்துவிட்ட நிலை.

நான்காம் படிநிலை: இரு எலும்புகளும் பாலம் போட்டதுபோல் இணைந்து, மூட்டு இறுகிவிட்டதாகத் தோன்றும் நிலை.

முதல் இரண்டு நிலைகள் பொதுவாகக் கவலைக்குரியவை அல்ல. பின்னிரண்டே வாழ்க்கையைப் பாதிப்பவை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார இடுப்பு மடங்காது. குனிந்து செருப்பு வாரை மாட்ட முடியாது. பேருந்தின் படியில் கால் எட்டாது. ஆட்டோவில் ஏறி அமர்வது பெரும்பாடாகிவிடும். வலி தீர வேண்டும், நன்றாக நடமாட வேண்டும் என்ற ஒரே நம்பிக்கையில் பெரும் பொருள் செலவிட்டு அறுவை சிகிச்சைக்கு உடன்பட்ட ஒருவருக்கு, புதிய மூட்டு பழுதின்றி இருந்தும் அது அசையாமல் போவது எத்தகைய ஏமாற்றம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

யாருக்குக் கூடுதல் வாய்ப்பு?

அறுவை சிகிச்சைக்கு முன்னரே நாங்கள் கேட்டறிய முற்படும் செய்திகள் சில உள்ளன. அவற்றுள் முதன்மையானது, முன்பு எப்போதேனும் இத்தகைய வளர்ச்சி ஏற்பட்டதா என்பது. ஒரு பக்க இடுப்பில் வந்தவருக்கு மறுபக்க அறுவையின்போதும் வரும் வாய்ப்பு மிகுதி.

அடுத்தது, அங்கைலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் எனப்படும் முதுகெலும்பு இறுக்க நோய். இளம் பருவத்திலேயே தொடங்கி, முதுகையும் இடுப்பு மூட்டுகளையும் இறுகச் செய்யும் இந்நோயால், முப்பது வயதை ஒட்டியவர்கள்கூட இரு பக்க மூட்டுகளையும் மாற்றிக்கொள்ள நேர்கிறது. முதுகுத்தண்டின் தசைநார்கள் எலும்பாகித் தடிக்கும் மற்றொரு நிலையும் உண்டு. அது பெரும்பாலும் நடுத்தர வயதைக் கடந்தவர்களிடமும், நீரிழிவு உள்ளவர்களிடமும் காணப்படுகிறது. பேஜட் நோய், மூட்டைச் சுற்றி எலும்பு முளைகள் மிகுதியாகத் தோன்றிய தேய்மான வாதம் ஆகியவையும் இப்பட்டியலில் அடங்கும்.

சாலை விபத்தில் இடுப்புக் குழி உடைந்து, முன்பே தகடும் திருகும் பொருத்தப்பட்டவர்கள், ஒரே இடுப்பில் இரண்டாம் முறை அறுவை சிகிச்சை செய்துகொள்வோர், தலையிலோ தண்டுவடத்திலோ காயம்பட்டவர்கள் ஆகியோருக்கும் வாய்ப்பு அதிகம். பெண்களைவிட ஆண்களுக்கு இது மிகுதியாக வருகிறது.

மாத்திரை என்ன செய்கிறது?

காயம்பட்ட திசுக்களில் புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப் பொருள்கள் உருவாகின்றன. வலி, வீக்கம், சூடு ஆகியவற்றைத் தோற்றுவிப்பதில் இவற்றுக்குப் பெரும்பங்கு உண்டு. மூல உயிரணுக்களை எலும்பு கட்டும் உயிரணுக்களாக மாறத் தூண்டுவதிலும் இவை துணைநிற்கின்றன. ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் இப்பொருள்கள் உருவாவதையே தடுக்கின்றன என்பதை ஜான் வேன் 1971இல் கண்டறிந்தார். 1982இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் அவரும் ஒருவர். ஸ்டெராய்டு அல்லாத அழற்சி எதிர்ப்பு மருந்துகள் என்று நாங்கள் அழைக்கும் இண்டோமெதசின், இபுபுரோஃபென், நாப்ராக்சன், டைக்ளோஃபினாக், செலிகாக்சிப் முதலியன அனைத்தும் இவ்வழியிலேயே செயல்படுகின்றன.

இம்மருந்துகளுள் இண்டோமெதசினே இந்நோக்கத்துக்கு மிகுதியாக ஆராயப்பட்டது. மூட்டு மாற்று அறுவைக்குப் பின் அதனை உட்கொண்டவர்களிடம் இடம்மாறிய எலும்பு குறைவாக இருப்பதை 1970களில் நார்வே நாட்டு மருத்துவர் ஒருவர் கவனித்ததிலிருந்தே இம்முறை தொடங்கிற்று. அதன்பின் பல நாடுகளில் முறையான ஒப்பீட்டு ஆய்வுகள் நடந்தன. அவற்றைத் தொகுத்துப் பார்க்கும்போது, போதிய அளவில் தரப்படும் இம்மருந்துகள் இவ்வளர்ச்சியின் வாய்ப்பைப் பாதிக்கும் மேலாகக் குறைக்கின்றன என்பது தெளிவாகிறது.

இங்கே காலம் மிக முக்கியம். மூல உயிரணுக்கள் எந்த வழியில் செல்வது என்பது அறுவை சிகிச்சைக்குப் பின் முதல் சில நாள்களிலேயே பெருமளவு தீர்மானமாகிவிடுகிறது. எக்ஸ்ரேயில் வெண்மையாகத் தெரிய 3 முதல் 6 வாரங்கள் ஆகும். அப்போது மாத்திரையைத் தொடங்கிப் பயனில்லை. கட்டப்பட்ட எலும்பை இம்மருந்து கரைக்காது. முளையிலேயே கிள்ளுவது மட்டுமே இதனால் இயலும். ஆகவேதான் அறுவை சிகிச்சை முடிந்த முதல் நாளிலேயே, நீங்கள் படுக்கையில் இருக்கும்போதே, இதனைத் தொடங்கிவிடுகிறோம். ஆகவேதான் வலி இல்லாத நாளிலும் குறித்த வேளைக்கு உட்கொள்ளுமாறு வற்புறுத்துகிறோம். வலி தணிந்தது என்பதற்காக உயிரணுக்களின் வேலை முடிந்துவிட்டது என்று பொருளாகாது.

எல்லோருக்கும் ஏன் தருவதில்லை?

“பக்கத்துப் படுக்கைக்காரருக்குக் கொடுத்தீர்கள், எங்கள் அப்பாவுக்கு ஏன் எழுதவில்லை?” என்று குடும்பத்தினர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. இதற்கு விடைகாண ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 20 எலும்பியல் மையங்களில், இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்ட 902 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தப்பட்டு, 2006இல் அதன் முடிவு வெளியானது. அறுவை முடிந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கி, 14 நாள்களுக்கு நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் இபுபுரோஃபென் ஒரு சாராருக்குத் தரப்பட்டது. மறுசாராருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை.

ஆறு மாதம் முதல் ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, மருந்து உண்டவர்களிடம் இடம்மாறிய எலும்பு குறைவாகவே இருந்தது. ஆனால் வலியிலும் நடமாட்டத்திலும் இரு சாராருக்குமிடையே வேறுபாடு காணப்படவில்லை. மேலும், மருத்துவமனையில் இருந்த நாள்களில் பெரிய அளவிலான இரத்தக்கசிவு மருந்து உண்டவர்களிடம் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலோருக்கு இவ்வளர்ச்சி சிறிதாகவே தோன்றி, தொல்லை தராமல் நின்றுவிடுகிறது. அவர்களுக்கு மாத்திரையால் எக்ஸ்ரே படம் அழகாகலாம். நடை மேம்படப் போவதில்லை. ஆனால் இரத்தக்கசிவு, வயிற்றுப் புண், சிறுநீரகப் பாதிப்பு ஆகிய இடர்களை அவர்களும் சுமக்க வேண்டியிருக்கும். ஆகவே, மூட்டை இறுகச் செய்யும் அளவுக்கு எலும்பு வளரும் வாய்ப்பு மிகுந்தவர்களைத் தேர்ந்து, அவர்களுக்கு மட்டும் தருவதே தக்கது என்று கருதுகிறோம். உங்கள் தந்தைக்கு மாத்திரை எழுதப்படவில்லை என்றால், அது கவனக்குறைவு அன்று. அவருக்கு அதன் நன்மையைவிடத் தீமை மிகுதி என்று எடைபோட்டு எடுத்த முடிவாகவே இருக்கும். ஐயமிருப்பின் கேளுங்கள், காரணத்தைச் சொல்ல நாங்கள் கடமைப்பட்டவர்கள்.

எம்மருந்து, எத்தனை நாள்?

இண்டோமெதசின் தரும்போது 25 மில்லிகிராம் அளவில் நாளுக்கு மூன்று வேளை தருவது நெடுநாள் வழக்கம். தொடக்க கால ஆய்வுகளில் ஆறு வாரம்வரை தந்தனர். பின்னர் வந்த ஆய்வுகளில் ஒன்று முதல் இரண்டு வாரங்களே போதிய பயன் தருவதாகத் தெரிந்ததால், இடர்களைக் கருதிப் பலருக்குக் குறுகிய காலமே தரப்படுகிறது. வயிற்றின் பாதுகாப்பை எண்ணிச் சிலருக்குச் செலிகாக்சிப் போன்ற மருந்தைத் தேர்வு செய்கிறோம். அதுவும் இவ்வளர்ச்சியைத் தடுக்கிறது. வயிற்றுப் புண் உண்டாக்கும் வாய்ப்பு குறைவு. ஆனால் இதய நோய் உள்ளவர்களுக்கு ஏற்றதன்று.

எந்த மருந்தாயினும் வெறும் வயிற்றில் உண்ணாதீர்கள். உணவுக்குப் பின் உண்ணுங்கள். அதனுடன் வயிற்றில் அமிலம் சுரப்பதைக் குறைக்கும் மாத்திரை எழுதியிருந்தால், அதனைத் தேவையற்றது என்று தள்ளிவிடாதீர்கள். அது இம்மருந்துக்குக் காவலாகத் தரப்படுவது.

மிகுதியாகக் காணும் தவறு ஒன்றைக் குறிப்பிட வேண்டும். முதுகுவலிக்கோ பல்வலிக்கோ கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகள் பலவற்றில் டைக்ளோஃபினாக் அல்லது அசிக்ளோஃபினாக், பாராசிட்டமாலுடன் சேர்ந்திருக்கும். ஏற்கெனவே இண்டோமெதசின் உண்பவர் அதனையும் உண்டால், ஒரே வகை மருந்தை இரட்டிப்பாக உண்கிறார். பயன் இரட்டிப்பாகாது; தீங்கே இரட்டிப்பாகும். கூடுதல் வலி இருந்தால் பாராசிட்டமால் மட்டும் எடுத்துக்கொள்ளலாமா என்று எங்களிடம் கேளுங்கள். பாராசிட்டமால் வலியைத் தணிக்கும். எலும்பு வளர்ச்சியைத் தடுக்காது. எனவே ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்றைக் கொள்ளலாகாது.

யாருக்குத் தரலாகாது?

வயிற்றுப் புண்ணோ, குடலில் இரத்தக்கசிவோ முன்பு ஏற்பட்டவர்கள், சிறுநீரகம் பழுதுற்றவர்கள், இதயச் செயலிழப்பு உள்ளவர்கள், ஆஸ்பிரினோ வேறு வலி மாத்திரையோ உண்டு மூச்சுத்திணறல் வந்த ஆஸ்துமா நோயாளிகள் ஆகியோர் இம்மருந்தைத் தவிர்க்க வேண்டும். முதியோருக்கு மிகுந்த எச்சரிக்கை தேவை. இண்டோமெதசினால் சிலருக்குத் தலைவலியும் தலைசுற்றலும் வருவதுண்டு. வாக்கர் பிடித்து நடக்கப் பழகும் ஒருவருக்குத் தலைசுற்றலால் கீழே விழும் அபாயம் உண்டு.

இடுப்பு மூட்டு மாற்றிய பின், காலின் சிரைகளில் இரத்தம் உறையாதிருக்க வேறொரு மருந்தும் தருகிறோம். அதனுடன் அழற்சி எதிர்ப்பு மருந்தும் சேரும்போது இரத்தக்கசிவின் வாய்ப்பு கூடுகிறது. இரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள், சிறுநீர் பிரியச் செய்யும் மாத்திரைகள் ஆகியவற்றுடன் சேரும்போது சிறுநீரகத்தின்மீது சுமை கூடுகிறது. கோடைக்காலத்தில் போதிய நீர் அருந்தாமலோ, வாந்தி பேதியால் நீர் வற்றியோ இருக்கும்போது இச்சுமை ஆபத்தாகலாம். ஆகவே வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும், அவற்றின் அட்டைகளுடன், ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள் என்று நாங்கள் கேட்பது சடங்குக்காக அன்று.

எலும்பு முறிவு ஒன்றும் சேர்ந்திருப்பவர்களின் நிலை தனியே கருதத்தக்கது. வேண்டாத எலும்பைத் தடுக்கும் மருந்துக்கு, வேண்டிய எலும்பு எது என்று பிரித்தறியத் தெரியாது. முறிந்த எலும்பு கூடுவதையும் இது தாமதப்படுத்தக்கூடும். அத்தகையோருக்கு வேறு வழியை நாட வேண்டியிருக்கலாம்.

வேறு வழிகள்

அவ்வழிகளுள் முதன்மையானது கதிர்வீச்சு. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த மருத்துவர்கள் 1981இல் இதன் பயனை வெளியிட்டனர். இன்று பெரும்பாலும் அறுவைக்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள்ளோ, பிந்தைய 72 மணி நேரத்துக்குள்ளோ, ஒரே தடவையாக 7 அல்லது 8 கிரே அளவில் தருகின்றனர். இது புற்றுநோய்க்குத் தரும் மொத்த அளவில் ஒரு சிறு பகுதியே. வயிற்றையும் சிறுநீரகத்தையும் இது தொடுவதில்லை. ஆயினும் கருவுற்ற பெண்களுக்குத் தரலாகாது. இளவயதினருக்குத் தரத் தயங்குகிறோம். கதிர்வீச்சுக் கருவி உள்ள மருத்துவமனைக்கு, அறுவை முடிந்த உடலோடு செல்ல வேண்டியுமிருக்கும்.

அறுவை அரங்கில் நாங்கள் மேற்கொள்ளும் கவனமும் தடுப்பின் ஒரு பகுதியே. தசைகளை மென்மையாகக் கையாளுதல், எலும்புத் துகள்களை உப்புநீரால் நன்கு கழுவி அகற்றுதல், இரத்தம் தேங்காமல் பார்த்துக்கொள்ளுதல் ஆகியவை ஒவ்வொரு நோயாளிக்கும் செய்யப்படுகின்றன.

வீட்டில் செய்ய வேண்டியதும் செய்யலாகாததும்

இயன்முறை மருத்துவர் கற்றுத்தரும் பயிற்சிகளை விடாது செய்யுங்கள். அசையாமல் படுத்திருப்பது எவ்வகையிலும் நன்மை தராது. அதே வேளையில், விறைப்பாக இருக்கும் இடுப்பைப் பிறர் பிடித்து வலிந்து மடக்குவதோ, எண்ணெய் தேய்த்து அழுத்தி உருவுவதோ கூடாது. முழங்கைக் காயத்துக்குப் பின் உருவிவிட்டு, தசைக்குள் எலும்பு வளர்ந்து கை மடங்காமல் போன நிலையில் வருவோரை எலும்பியல் மருத்துவர்கள் நன்கறிவர். நலம் கருதியே உறவினர்கள் இதனைச் செய்கின்றனர். ஆயினும் காயம்பட்ட தசையை மேலும் காயப்படுத்துவது, மேலும் எலும்பு கட்ட அழைப்பு விடுப்பதாகிவிடும்.

பின்வருவனவற்றுள் ஏதேனும் தோன்றினால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே எங்களைத் தொடர்புகொள்ளுங்கள்:

• தார் போன்ற கறுத்த மலம். இரத்தமோ காப்பித்தூள் போன்ற பொருளோ கலந்த வாந்தி

• தாங்க முடியாத வயிற்றுவலி

• சிறுநீர் குறைதல், முகமோ கால்களோ வீங்குதல்

• மூச்சுத்திணறல், உடலில் தடிப்பு

• அறுவைப் புண்ணிலிருந்து மீண்டும் இரத்தம் கசிதல்

• காய்ச்சல், குறிப்பாக மழைக்காலத்தில், டெங்கு அன்று என்று உறுதியாகும்வரை இவ்வகை மருந்து ஆகாது

இடுப்பில் சூடும் வீக்கமும் விறைப்பும் கூடினால், அது இடம்மாறிய எலும்பின் தொடக்கமாக இருக்கலாம். ஆனால் புதிய மூட்டில் கிருமித் தொற்று, காலில் இரத்த உறைவு ஆகியவையும் இதே போலத் தோன்றும். அவை காலம் தாழ்த்தினால் பெரும் தீங்கு விளைவிப்பவை. வீட்டிலிருந்தபடி இன்னது என்று முடிவு செய்ய இயலாது.

வளர்ந்துவிட்டால்?

வளர்ந்த எலும்பு முதிர்ச்சியடைய 6 மாதம் முதல் ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும். அதுவரை பயிற்சியாலும் மருந்தாலும் இயன்ற அசைவைக் காத்துக்கொள்கிறோம். பலருக்கு அதுவே போதுமானதாகிறது. மூட்டு இறுகி அன்றாட வாழ்வு முடங்கினால் மட்டுமே, எலும்பு முதிர்ந்தபின் அதனை அறுத்தெடுப்பது பற்றி எண்ணுகிறோம். அது எளிய அறுவையன்று. இரத்த இழப்பு மிகுதி. எலும்பு மீண்டும் வளரவும் கூடும். அவ்வறுவைக்குப் பின்னும் இதே மாத்திரையோ கதிர்வீச்சோ தேவைப்படும். இரண்டு வார மாத்திரைக்கு நாங்கள் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்பது இப்போது விளங்கும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேழ்வரகு, பால், கால்சியம் மாத்திரை ஆகியவற்றை நிறுத்த வேண்டுமா?

வேண்டியதில்லை. உண்ணும் சுண்ணாம்புச் சத்து மிகுந்ததால் இவ்வளர்ச்சி தோன்றுவதில்லை. உங்கள் மற்ற எலும்புகளின் வலிமைக்கு அச்சத்துத் தேவை.

இதயத்துக்காகச் சிறு அளவு ஆஸ்பிரின் உண்கிறேன். அதுவே போதாதா?

போதாது. அச்சிறு அளவு இவ்வளர்ச்சியைத் தடுப்பதில்லை. அதற்காக ஆஸ்பிரினை நீங்களாகவே நிறுத்தவும் கூடாது. இபுபுரோஃபென் ஆஸ்பிரினின் பயனைக் குறைக்கக்கூடும் என்பதால், இதய நோயாளிகளுக்கு எது ஏற்றது என்பதை இதய மருத்துவருடன் கலந்து முடிவு செய்கிறோம்.

ஒரு வேளை மறந்துவிட்டால்?

நினைவு வந்ததும் உணவுக்குப் பின் உண்ணுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிடுங்கள். இரு வேளை மாத்திரையை ஒருசேர உண்ணாதீர்கள்.

எக்ஸ்ரே அறிக்கையில் ‘எலும்பு வளர்ச்சி’ என்று எழுதியிருக்கிறார்களே?

படத்தில் தெரிவது வேறு. உங்கள் நடையைப் பாதிப்பது வேறு. நன்றாக நடந்து, உட்கார்ந்து, எழ முடிகிறது என்றால் பெரும்பாலும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் மறுபக்க மூட்டுக்கு அறுவை செய்ய நேர்ந்தால், அந்த அறிக்கையைத் தவறாமல் காட்டுங்கள்.

அறுவைக்கு முன் எங்களிடம் சொல்ல வேண்டியவை

முன்பு இடுப்பில் செய்த அறுவை, பட்ட அடி, முதுகு இறுக்க நோய், வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, இதய நோய், மருந்து ஒவ்வாமை, இப்போது உண்ணும் மருந்துகள், நாட்டு மருந்துகள் உட்பட அனைத்தையும் ஒரு தாளில் எழுதி வாருங்கள். நோயாளிக்கு மறந்துபோனது குடும்பத்தினருக்கு நினைவிருக்கும்; ஆகவே ஒருவரேனும் உடன் வருவது நல்லது.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பர். இம்மாத்திரைக்கு அதன் மறுபக்கமும் பொருந்தும். அளவுக்குக் குறைந்தாலும் பயனில்லை. உங்கள் சீட்டில் எழுதியுள்ள கடைசி நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அந்நாள்வரை நிறுத்தாதீர்கள், அந்நாளுக்குப் பின் தொடராதீர்கள். இடையில் உடல் ஒவ்வவில்லை என்றால் எங்களைக் கேளுங்கள்.